புரொக்ஸியில் கையெழுத்து வைப்பதற்கு முன்

(திருகோணமலை, அன்புவழிபுரத்தில் சங்க உறுப்பினர்களின் குடும்பங்களுக்காகக் கூட்டப்பட்ட கடன் ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் துறைமுகக் கரையில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1977இலும் 1983இலும் மலையிலிருந்து அடித்துத் துரத்தப்பட்ட எங்கள் சனம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது போலத் திருகோணமலைக்கும் வந்து சேர்ந்தது. இங்கே அண்ணன் லீசிங்கில் ஓட்டோ எடுக்கிறார். அதற்குப் பிணை வைத்தவர் அங்கே கொழுந்து பறிக்கிற தங்கச்சி. இங்கே மாதக் கட்டுப்பணம் தவறினால் அங்கே லயத்து வாசலில் கம்பனிக்காரரின் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. ஆகவே இந்தக் கூட்டம் இரண்டு இடத்துக்கும் சேர்த்துத்தான்.

கடன் ஏன் வந்தது என்று இன்றைக்குக் கதைக்கப் போவதில்லை. சம்பளத்தைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் வேறு மேடைகளில் நிறையக் கதைத்துவிட்டோம். இன்றைக்கு விடயம் ஒன்றுதான். கடன் கோட்டுக்குப் போய்விட்டது, அல்லது போகப் போகிறது. ஒரு சட்டத்தரணி தேவை. அவரை எங்கே தேடுவது? கிடைத்தவர் எங்கள் வேலைக்கு ஏற்ற ஆள்தானா என்று எப்படிப் பார்ப்பது?

"சங்கம் இருக்குத்தானே, தலைவர் பாத்துக்குவார்" என்று சிலர் நினைக்கலாம். வேலைநீக்க வழக்கு தொழில் நியாய சபைக்குப் போனால் சங்கத்தின் பிரதிநிதி உங்களுக்காக எழுந்து நின்று வாதாடலாம். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடன் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே நீங்களே பேசலாம், அல்லது உங்களுக்காக ஒரு சட்டத்தரணி பேசலாம். சங்கத் தலைவருக்கு அங்கே பின் வாங்கில்தான் இடம். அதனால்தான் ஆளைத் தெரிவு செய்கிற வேலையை உங்களுக்கே பழக்க வந்திருக்கிறோம்.

முதலில் ஒரு பெரிய கடனாளியின் கதை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்ததாக அரசாங்கம் என்ன செய்தது? கடன்காரர்களோடு பேச உட்காருவதற்கு முன் ஆலோசகர்களைத் தேடியது. விருப்பமுள்ள நிறுவனங்களிடமிருந்து முன்மொழிவுகளைக் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்து, மே மாதத்தில் நிதி ஆலோசனைக்கு லசார் நிறுவனத்தையும் சட்ட ஆலோசனைக்கு கிளிபர்ட் சான்ஸ் நிறுவனத்தையும் அமர்த்தியது. ஜூன் மாதத்தில் ஹமில்டன் ரிசேர்வ் என்ற வங்கி, 25 கோடி டொலருக்கும் மேலான கடன்முறிகளைக் கையில் வைத்துக்கொண்டு, நியூயோர்க் நீதிமன்றத்தில் இலங்கைக்கு எதிராக வழக்குப் போட்டது. அப்போது நாட்டுக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். நாட்டை ஆண்டவர்களைப் பற்றி எங்களுக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனாலும் இந்த ஒரு ஒழுங்கைப் பாருங்கள்: நாலு பேரிடம் கேட்டு, ஒப்பிட்டு, வழக்கு வருவதற்கு முன்பே ஆள் பிடித்தார்கள். எங்கள் ஆட்கள் என்ன செய்கிறோம்? அழைப்பாணையை சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டு, தவணைக்கு முதல் நாள் பின்னேரம், "யாராவது லோயர் தெரியுமா" என்று கடைத்தெருவில் கேட்கிறோம்.

தோட்டத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் வாசிக்கக் கொண்டுவருவது பாடசாலைக்குத்தான். அதனால் படிப்பிக்கிற நாங்கள் இந்தக் கடதாசிகளை நிறையப் பார்க்கிறோம். எங்கள் கைக்கு வரும்போது பாதிக் கடதாசிகளின் திகதி கடந்திருக்கும்.

அந்தத் திகதி ஏன் முக்கியம் என்று சொல்கிறோம். வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ் வழக்கு வந்தால், கம்பனி கொடுத்த கடதாசிகளையும் சத்தியக்கடதாசியையும் மட்டும் பார்த்து நீதிமன்றம் முதலிலேயே உங்களுக்கு எதிராக ஒரு தீர்ப்பாணையை ஆக்கி அனுப்பிவிடும். குறித்த நாளில் நீங்கள் போய், எனக்குச் சொல்வதற்கு நியாயம் இருக்கிறது என்று சத்தியக்கடதாசி கொடுத்து, வழக்காட அனுமதி கேட்க வேண்டும். அனுமதி தரும்போதே இவ்வளவு பணத்தைக் கட்டு, அல்லது பிணை கொடு என்றும் நீதிமன்றம் சொல்லலாம். போகாவிட்டால் அந்தத் தீர்ப்பாணை முடிந்த முடிவாகிவிடும். மற்ற நாட்களில் காட்டலாம் என்று நினைத்த ரிசீட்டுகளையெல்லாம் காட்டுவதற்கு வேறு நாள் வராது. சாதாரண வழக்கிலும் நீங்கள் போகாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால், தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் நியாயமான காரணத்தோடு விண்ணப்பித்தால்தான் அதை நீக்கலாம். எண்ணிப் பாருங்கள், இரண்டு கிழமை. தீபாவளி முற்பணம் எப்போது கைக்கு வரும் என்று விரல் மடித்து எண்ணுகிற நாங்கள் இதையும் எண்ணப் பழக வேண்டும்.

இனி "வங்குரோத்து லோயர்" என்ற சொல்லுக்கு வருவோம். கனடாவிலும் லண்டனிலும் சொந்தக்காரர் இருக்கிற குடும்பங்களில் இது அடிக்கடி கேட்கிறது. "மாமா சொன்னார், வங்குரோத்து அடிச்சா எல்லாக் கடனும் அழிஞ்சிரும், அதுக்கு ஒரு லோயரைப் பிடி" என்று. மாமா பொய் சொல்லவில்லை. அவர் இருக்கிற நாட்டின் சட்டத்தைச் சொல்கிறார். கனடாவில் அதற்கென்றே அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுத்த வங்குரோத்துப் பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆள் அவர்களிடம்தான் போகிறார். முதல் தடவை வங்குரோத்தாகிற, மேலதிக வருமானம் இல்லாத ஆள் பொதுவாக 9 மாதத்தில் விடுவிக்கப்படுகிறார். கடன்காரரோடு இணங்கி, ஐந்து வருடத்துக்கு மேற்படாமல் தவணை முறையில் கட்டி முடிக்கவும் அங்கே ஒரு ஒழுங்கு உண்டு.

இலங்கையில் ஒரு தனி ஆள் தன்னால் கடன் கட்ட முடியாது என்று மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிற சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கோப்பிக் காலத்துச் சட்டம். தேயிலைத் தோட்டங்கள் வருவதற்கு முந்தியது. எங்கள் பாட்டன்மார் கால்நடையாக வந்து கோப்பிக் கன்று நட்ட காலத்தில், கொழும்பு வியாபாரிகள் முறிந்துபோனால் என்ன செய்வது என்று வெள்ளைக்காரன் எழுதியது. அதன்படி போனால் உங்கள் சொத்து நீதிமன்றம் நியமிக்கிற ஒருவரின் கைக்குப் போகும், கடன்காரர்கள் அழைக்கப்படுவார்கள், விசாரணை நடக்கும், கடைசியில் நீதிமன்றம் சான்றிதழ் தந்தால்தான் விடுதலை. உங்களுக்குப் பிணை வைத்த தங்கச்சியின் பொறுப்பு அதனால் அழிந்துவிடாது. கம்பனி நேராக அவரைத் தேடிப் போகும். விடுவிக்கப்படாத வங்குரோத்துக்காரர் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது என்று அரசியலமைப்பில் இருக்கிறது. அந்தக் கவலை இந்த மண்டபத்தில் யாருக்கும் இருக்காது என்று நினைக்கிறோம்.

ஆகவே முதல் சோதனை இது. உங்கள் கடதாசி எதையும் வாசிக்காமலே, "வங்குரோத்து போட்டுவிடுவோம், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். லட்சத்துக்குக் குறைந்த நுண்கடனும் ஒரு ஓட்டோ லீசிங்கும் உள்ள குடும்பத்துக்கு அந்த 1853ஆம் ஆண்டுப் பாதை பெரும்பாலும் செலவுதான். சில பேருக்கு, வியாபாரம் முறிந்து பல இடத்தில் கடன் உள்ளவர்களுக்கு, அது சரியான வழியாக இருக்கவும் கூடும். ஏன் சரி, ஏன் சரியில்லை என்று உங்கள் கணக்கை வைத்து விளக்குகிற ஆள்தான் வேண்டும்.

இந்த நாட்டில் வங்குரோத்துக்கென்று தனிப் பட்டம் பெற்ற சட்டத்தரணி என்று ஒரு வகுப்புக் கிடையாது. முந்திய காலத்தில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரண்டு வகை இருந்தது. பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1974இல் இரண்டையும் ஒன்றாக்கி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பதிவானவர் யாரும் எந்த வழக்கும் பேசலாம். ஆகவே பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது பெரிய உதவி இல்லை. அவர் எந்த வேலையை அன்றாடம் செய்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும். கொலை வழக்கில் புலியாக நிற்கிறவர் கடன் வழக்கில் மறுமொழி எழுதி எத்தனை வருடமோ! எங்கள் வேலைநீக்க வழக்குகளை நன்றாக நடத்தித் தந்த சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரே, "கடன் விடயத்துக்கு என்னிடம் வராதீங்க, இன்னாரிடம் போங்க" என்று சொன்னதுண்டு. அப்படிச் சொல்கிறவரை நம்பலாம்.

தேடுகிற இடத்தைச் சொல்கிறோம். கையில் காசு இல்லாதவர்கள் முதலில் போக வேண்டியது சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கப்பட்ட அரச நிறுவனம் அது. மாவட்டங்களில் நீதிமன்ற வளவுகளிலோ பக்கத்திலோ அதன் நிலையங்கள் இருக்கின்றன. குடும்ப வழக்குக்கு மட்டும்தான் அது என்று எங்கள் பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடன் போன்ற சிவில் விடயங்களுக்கும் அங்கே போகலாம். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அடையாள அட்டை, சம்பளத் துண்டு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், வந்த கடதாசி எல்லாவற்றையும் கொண்டு போங்கள். இலவசமாகக் கிடைக்கிற சட்டத்தரணி தரம் குறைந்தவர் என்று ஒரு எண்ணம் எங்கள் சனத்திடம் இருக்கிறது. அவரும் அதே உயர் நீதிமன்றத்தில் பதிவானவர்தான். அவரிடமும் நாங்கள் இனிச் சொல்லப் போகிற அத்தனை கேள்வியையும் கேட்கலாம்.

காசு கொடுத்துப் பிடிக்கிறவர்களுக்கு எங்களுக்குத் தெரிந்த மிக நல்ல வழி, நீதிமன்றத்தில் போய் உட்காருவது. சிரிக்காதீர்கள். நீதிமன்றம் திறந்த இடம். ஒழுங்காக உடுத்து, போனை நிறுத்திவிட்டு, யாரும் போய் இருக்கலாம். கடன் வழக்குகள் கூப்பிடப்படுகிற ஒரு காலைப்பொழுதைப் பின் வாங்கில் இருந்து பாருங்கள். கோவையை வாசித்துவிட்டு வந்தவர் யார், எழுந்த உடனே "தவணை" கேட்கிறவர் யார், கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்து ஒரு சொல் சொல்கிறவர் யார், முகம் கொடுக்காமல் போகிறவர் யார் என்று இரண்டு மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். கம்பனிகளுக்காக நிற்கிறவர் யார் என்பதும் தெரிந்துவிடும். கொழுந்தில் எது வங்கி, எது முற்றல் என்று பார்த்த உடனே சொல்கிற கண்கள் உங்களுடையவை. இதைப் பார்க்கவும் அந்தக் கண் போதும்.

கோட்டு வாசலில் நிற்கிற ஆள்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ள வேண்டாம். "வாங்கம்மா, எந்த வழக்கு, நல்ல லோயர் சேர் இருக்கார்" என்று கையைப் பிடித்து இழுக்கிறவர் தரகர். அவருக்கு ஒரு பங்கு உங்கள் காசிலிருந்துதான் போகிறது. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பது சட்டத்தரணிகளின் ஒழுக்க விதிகளுக்கே மாறானது. ஒரு தோட்டத்துப் பெண், பெயர் வேண்டாம், இப்படி ஒருவரிடம் மூன்று தடவை காசு கொடுத்தார். வெள்ளைச் சட்டை, கையில் பைல், வாயில் சட்டம். தீர்ப்பாணை வீட்டுக்கு வந்த பிறகுதான், அவருக்காக ஒரு சட்டத்தரணியும் ஒரு நாளும் ஆஜராகவில்லை என்று வழக்குக் கோவையைப் பார்த்து அறிந்துகொண்டோம். காசு வாங்கியவர் சட்டத்தரணியே இல்லை.

ஆகவே பெயரைச் சரிபாருங்கள். சட்டத்தரணிகளின் பெயர்ப் பதிவேடு உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. நீதிமன்றப் பதிவாளரின் அலுவலகத்திலோ, அந்த ஊர்ச் சட்டத்தரணிகள் சங்கத்தின் அறையிலோ, "இந்தப் பெயரில் ஒருவர் இங்கே தொழில் செய்கிறாரா" என்று கேட்டால் சொல்வார்கள். நொத்தாரிசு என்றால் அது வேறு அதிகாரம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உறுதி எழுதுவதற்குத் தனி நியமனம் வேண்டும். கடன் தந்தவர் கூட்டிப் போன நொத்தாரிசு உங்களுடைய ஆலோசகர் ஆகமாட்டார், எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும்.

ஆள் உண்மையான சட்டத்தரணிதான் என்று தெரிந்த பிறகு, அவருடைய மேசைக்கு முன்னால் போய் உட்காருங்கள். நிற்க வேண்டாம். துரைக்கு முன்னால் நின்று பழகிய கால் எங்களுடையது. இங்கே கதிரை போட்டிருப்பது உங்களுக்காகத்தான். "நம்மளுக்கு இதெல்லாம் கேக்க ஏலுமா, லோயர் சேர் கோவிச்சுக்குவார்" என்று தாய்மார் சொல்வதுண்டு. நல்ல சட்டத்தரணி கோபிக்கமாட்டார். மருந்து எப்போது குடிக்க வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டால் அவர் கோபிக்கிறாரா?

முதல் கேள்வி: "ஐயா, எங்களுக்கு எதிரான இந்தக் கம்பனிக்காக நீங்கள் ஆஜராகிறீர்களா, அல்லது ஆஜராகியிருக்கிறீர்களா?" சின்னப் பட்டினங்களில் நல்ல சிவில் சட்டத்தரணிகள் பலரை நிதிக் கம்பனிகள் ஏற்கனவே பிடித்து வைத்திருக்கின்றன. அதில் குற்றம் ஒன்றும் இல்லை, அவருக்கும் தொழில். ஆனால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

பிறகு கடதாசியைக் கொடுங்கள். வாசிக்கிறாரா என்று பாருங்கள். முதலில் திகதியைத் தேடுகிறவர் வேலை தெரிந்தவர். "கடைசியாக எப்போது காசு கட்டினீங்க" என்று அவரே கேட்டால் இன்னும் நல்லது. ஏனென்றால் 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி, எழுத்தில் உள்ள சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில்லாத கைமாற்றுக்கு மூன்று வருடம். கடைக்கணக்குக்கு ஒரே வருடம். ஈட்டுக் கடனுக்குப் பத்து வருடம். காலம் கடந்துவிட்டது என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லாவிட்டால் நீதிமன்றம் தானாக எடுத்துச் சொல்லாது. இடையில் சிறிய தொகை ஒன்றைக் கட்டினாலோ, "கடன் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தாலோ அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கலாம். ஐந்து வருடமாக வராத ஆள் திடீரென்று வந்து, "அக்கா, ஒரு ஐந்நூறு ரூபா மட்டும் கட்டுங்க, பைலை மூடிர்றேன்" என்று சொன்னால் அவர் எதை மூட வந்தார் என்று யோசியுங்கள்.

தனியாரிடம் மீட்டர் வட்டிக்கு வாங்கியவர்கள், 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். வட்டி அளவுக்கு மிஞ்சி, ஒப்பந்தமும் கொடூரமாக இருந்தால் கணக்கைத் திரும்பத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தரணிக்கு அது எங்கேயோ படித்த ஞாபகமாக இருந்தால் பரவாயில்லை, பார்த்துச் சொல்லட்டும். "அப்படி ஒன்றும் கிடையாது" என்று வாசிக்காமலே அடித்துச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். உங்களிடமிருந்து எதை எடுக்க முடியாது என்றும் கேளுங்கள். தொழிலாளியின் கூலி, தொழிலுக்கான ஆயுதங்கள், உடுப்பு, படுக்கை என்று தீர்ப்பாணைக்குக் கைப்பற்ற முடியாதவற்றின் பட்டியல் சிவில் நடவடிக்கைக் கோவையின் 218ஆம் பிரிவில் இருக்கிறது. "வேலைக் காசு முழுக்க போயிரும்" என்ற பயத்தில் தூக்கம் கெட்டவர்கள் அதை ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால் அன்று இரவு தூங்கலாம்.

இங்கே காணி உள்ளவர்களுக்கு ஒரு தனிச் சொல். லயத்துக் காம்பிராவுக்கு உறுதி இல்லாததால் அதை ஈடு வைக்கவும் முடியாது. எங்கள் வறுமை எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம். உங்களில் சிலருக்கு உறுதிக் காணி இருக்கிறது. கடனுக்கு ஈடு என்று சொல்லி, எழுதும்போது "மீட்டுக்கொள்ளும் நிபந்தனையுடன் விற்பனை" என்றோ, அதைவிட மோசமாக நிபந்தனையே இல்லாத அறுதி உறுதி என்றோ எழுதி வாங்குவது இந்த நாட்டில் பழைய தந்திரம். மீட்கும் நிபந்தனை உள்ளதென்றால் கடன் இணக்கச் சபை என்று 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒரு சபை இருக்கிறது. ஆனால் மீட்கும் தவணை முடிவதற்கு முன்பே அங்கே விண்ணப்பிக்க வேண்டும். தவணை முடிந்த மறுநாள் போனால் கதவு மூடியிருக்கும். அறுதியாக எழுதியிருந்தால் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவை வைத்து, "இது விற்பனையே இல்லை, கடனுக்கு எழுதியது" என்று வழக்காட இடம் உண்டு: காணியின் பெறுமதி என்ன, கைக்கு வந்த காசு என்ன, எழுதிய பிறகும் குடியிருந்தது யார் என்பதெல்லாம் அதில் சாட்சி. பெர்மிட் காணிக்கு வேறு விதி. இப்படி உள்ளவர்கள் சட்டத்தரணியிடம் இந்த இரண்டு சொல்லையும், கடன் இணக்கச் சபை, 83ஆம் பிரிவு, சொல்லிப் பாருங்கள். முகத்திலேயே பதில் தெரியும்.

காசுக் கதை. முதல் நாளே கேளுங்கள்: முழு வழக்குக்கும் எவ்வளவு, அல்லது தவணைக்கு எவ்வளவு? முத்திரை, தட்டச்சு, சத்தியக்கடதாசி இதெல்லாம் அதற்குள் வருமா? ஒரு தவணைக்கு 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஆறு தவணை, மூன்று வருடம்: 90,000 ரூபா. நீங்கள் கட்ட வேண்டிய கடனே 1,20,000 என்றால், அந்த 90,000ஐ முதலே கையில் வைத்துக்கொண்டு கம்பனியோடு ஒரே தொகையாகப் பேசித் தீர்க்க ஒரு நல்ல சட்டத்தரணி ஒரு கடிதத்தால் உதவியிருப்பார். வழக்காடாமல் தீர்க்கலாமா என்று அவரே பேச்சை எடுக்கிறாரா என்று கவனியுங்கள். சிறு தொகைக் கடன்கள் சில மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கே சட்டத்தரணி ஆஜராக மாட்டார், நீங்களே போய்ப் பேச வேண்டும். போவதற்கு முன் என்ன பேசுவது என்று சொல்லித் தர ஒரு ஆலோசனைக் கட்டணம் போதும். கொடுக்கிற ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். கம்பனிக்காரரிடம் ரிசீட் கேட்கச் சொல்லித் தந்த சங்கம் சட்டத்தரணியிடம் மட்டும் கேட்காதே என்று சொல்லுமா?

கடைசியாகத்தான் புரொக்ஸி வருகிறது. ஒருவரை உங்கள் சட்டத்தரணியாக நீதிமன்றத்தில் பதிவு செய்கிற கடதாசி அது. அதில் உங்கள் கையெழுத்து விழுந்து கோவைக்குள் போனால், நீதிமன்றத்தின் அனுமதியோடு அதை நீக்கும்வரை உங்களுக்காக அவர்தான் பேசுவார். வேறு ஒருவர் நினைத்தவுடன் வந்து புகுந்துகொள்ள முடியாது. வெறும் புரொக்ஸித் தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். வழக்கு இலக்கம், உங்கள் பெயர், அவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். சமரசம் செய்யும் அதிகாரத்தையும் அதில் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு வந்தால் கட்டப் போவது நீங்கள்தான்.

எங்கள் முந்திய தலைமுறைக்குத் துண்டு என்று ஒரு கடதாசி இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகிற தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு. அந்தத் தொகையைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆளை விடுவார்கள். கடன் யாருடையதோ அவர் அதை வாசித்ததில்லை. கங்காணி வாசித்தார், துரை வாசித்தார். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்றைக்கு எங்கள் பெண்கள் குழுக்கடன் படிவத்தில் ஐந்து பேராகச் சேர்ந்து கையெழுத்து வைக்கிறார்கள். அதிலும் எத்தனை பேர் வாசித்தார்கள்? மொழிப் பிரச்சினையும் உண்டு. இங்கே வடக்கு கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். மலையில் உள்ள எங்கள் உறுப்பினர்களுக்கு வழக்கு சிங்களத்தில் நடக்கும். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்புக் கேட்க உரிமை உண்டு. அங்கே சட்டத்தரணி தேடுகிறவர்கள் இதையும் கேள்வியில் சேர்த்துக்கொள்ளுங்கள்: "நடந்ததை எனக்குத் தமிழில் யார் சொல்வார்கள்?" கிளார்க் சொல்வார் என்றால், அந்தக் கிளார்க்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போராட்டத்தால் நாங்கள் பெற்றதும் இருக்கிறது. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடனில் நிவாரணம் வந்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பு வந்தது. 2021இல் ஹிங்குராங்கொடையில் சகோதரிகள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தப் பாதையை நாங்கள் விடப்போவதில்லை. ஆனாலும் உங்கள் பெயருக்கு வந்திருக்கிற அழைப்பாணையின் திகதியை எந்த ஊர்வலமும் தள்ளிப் போடாது.

ஒன்றிரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், ஏமாற்றிய சட்டத்தரணியை என்ன செய்வது என்று. முதலில் அவரிடமிருந்து உங்கள் கடதாசிகளை வாங்குங்கள். அதற்காகத்தான் மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோப்பிரதி கொடுங்கள் என்று சொல்கிறோம். வழக்குக் கோவையில் என்ன பதிவாகியிருக்கிறது என்று பதிவாளர் அலுவலகத்தில் பாருங்கள். தவறு உண்மை என்றால் சத்தியக்கடதாசியோடு உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு செய்யலாம். ஒரு சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பதிவிலிருந்து நீக்கவும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்குத்தான். இலங்கை சட்டத்தரணிகள் சங்கத்துக்கும் எழுதலாம். தோற்ற கோபத்தில் எழுத வேண்டாம். வழக்கில் தோற்பது வேறு, ஏமாற்றப்படுவது வேறு. சத்தியக்கடதாசி எழுத நாங்கள் உதவுவோம், பொய் எழுத உதவமாட்டோம்.

இப்போது நேரம் நாலரை. பின்னால் மூன்று மேசை போட்டிருக்கிறோம். அழைப்பாணையோ தீர்ப்பாணையோ கையில் உள்ளவர்கள் முதல் மேசைக்கு வாருங்கள், திகதியைப் பார்த்துக் குறித்துத் தருவோம். உறுதி எழுதிக் கொடுத்தவர்கள் நடு மேசைக்கு. கடன் புத்தகம் மட்டும் உள்ளவர்கள் மற்ற மேசையில் பெயரைப் பதியுங்கள். நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்கப் போகிறவர்களுக்கு ஆள் துணைக்கு வருவார். யாராவது இன்றைக்குப் புரொக்ஸித் தாளோடு வந்திருந்தால், கையெழுத்து வைக்காமல் அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள்.